அப்பாவுக்குக் கை மறுபடியும் விழுந்துவிட்டது: கட்டி வளர்ந்ததா, வீக்கமா?

குற்றாலச்சாரல் – வியாழன், இரவு 9:12

அப்பாவுக்கு 63 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் இடது கால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். "இன்னொன்னு எங்கப்பா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்புறம் காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் வலது பக்கத்தில் கட்டி. ஆபரேஷனில் முடிந்தவரை எடுத்தார்கள். பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4, மூளைப் புற்றில் வீரியமான வகை.

ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ஊசி போட ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில் இடது கையால் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார். கட்டி கரைகிறது என்று அத்தை குலசாமிக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டார். போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோதும் கை நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை தலைவலி தொடங்கியது. இன்று காலை டம்ளர் மறுபடியும் விழுந்தது, ஒரு வாந்தி எடுத்தார், பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தார்.

ரேடியேஷன் இன்னும் தொடங்கவே இல்லை. ஐந்தே நாளில் கட்டி வளர்ந்துவிடுமா? சீட்டில் இருப்பது: டெக்சாமெத்தசோன் 4 மி.கி. மூன்று வேளை, வலிப்பு வராமலிருக்க லெவெடிராசெட்டம் 500 இரண்டு வேளை, வயிற்றுக்குப் பான்டோபிரசோல் காலையில். ஒரு வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

செம்பருத்தி – 9:19

தங்கச்சி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். தூக்கம், வாந்தி, தலைவலி மூன்றும் சேர்ந்து வந்தால் இன்றிரவே ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விடியட்டும் என்று நினைக்காதீர்கள். என் கணவருக்கு இதே நோய்தான். நான் விடியட்டும் என்று இருந்து பட்டவள்.

மாத்திரைமணி – 9:24

கிளம்பிக்கொண்டே ஒன்று பாருங்கள். மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு அந்த டெக்சாதான். அதன் அட்டையின் பின்பக்கம் என்ன எண் அச்சடித்திருக்கிறது?

குற்றாலச்சாரல் – 9:31

அண்ணனிடம் வண்டி சொல்லிவிட்டேன். அட்டையில் 0.5 மி.கி. என்று இருக்கிறது. வேளைக்கு ஒன்று.

மாத்திரைமணி – 9:34

நினைத்தேன். ஒரு நாளைக்கு 12 மி.கி. போக வேண்டிய உடம்புக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் போயிருக்கிறது. எட்டில் ஒரு பங்கு. 0.5 எல்லாக் கடையிலும் இருக்கும், 4 மி.கி. சின்ன ஊரில் பல சமயம் இருக்காது. 0.5 தான் கொடுக்கிறோம் என்றால் வேளைக்கு எட்டு என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். 22 வருஷமாகக் கடையில் நிற்கிறேன், இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த அட்டையையும் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கத்திக்காரன் – 9:41

நரம்பியல் அறுவை மருத்துவன். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மணி அண்ணன் கண்டுபிடித்தது பொருந்துகிறது. மாத்திரை குறைந்து மூன்று நாளில் அறிகுறி திரும்புவது வீக்கத்தின் குணம். ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசிந்திருக்கிறதா, கிருமி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும், அதற்கு சி.டி. வேண்டும். போவதற்கு முன் எட்டு மாத்திரையை வாயில் போட்டுவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு மாத்திரையும் தண்ணீரும் புரையேறும். வண்டியில் தலையை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், கழுத்து ஒரு பக்கமாகச் சாயாமல். வாந்தி வந்தால் மட்டும் உடனே ஒருக்களித்துத் திருப்புங்கள். இப்போதே டியூட்டி டாக்டருக்குப் போன் செய்து, வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

குற்றாலச்சாரல் – வெள்ளி, மாலை 4:50

எல்லோருக்கும் கும்பிடு. இரவு ஒரு மணிக்குச் சேர்ந்தோம். சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. வீக்கம்தான். மூளையின் நடுக்கோடு 7 மி.மீ. தள்ளியிருக்கிறது என்றார்கள். டெக்சா ஊசியும் மேனிட்டால் பாட்டிலும் ஏற்றுகிறார்கள். இன்று மதியம் கண் விழித்து, "மணி என்ன?" என்று கேட்டார்.

சண்டை போட வேண்டிய நேரம் இல்லை என்பதால் கடைக்காரரைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்குப் புரியாதது வேறு. கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, வீக்கம் ஏன் போகவில்லை? இந்த மாத்திரை ஆயுளுக்கும் வேண்டுமா?

நைட்டூட்டி – 5:15

மேனிட்டால் ஏற்றும்போது சிறுநீர் நிறையப் போகும், பயப்படாதீர்கள். எவ்வளவு போகிறது என்று நர்ஸ் அளந்து எழுதுவார். ஏ.சி. குளிரில் அந்தப் பாட்டிலுக்குள் உப்புக்கல் போல வெள்ளையாகப் படிந்துவிடும். வெந்நீரில் வைத்துக் கரைத்த பிறகுதான் ஏற்றுவோம். பாட்டிலை நர்ஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அதற்குத்தான். என்ன பார்க்கிறீர்கள் என்று பாதிப் பேர் கேட்பார்கள்.

கத்திக்காரன் – 8:30

இரண்டு கேள்விக்கும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மூளையின் ரத்தக் குழாய்கள் உடம்பின் மற்ற குழாய்களைப் போல அல்ல. சுவரின் செல்கள் இறுக்கமாகத் தைத்த மாதிரி ஒட்டியிருக்கும், கண்டதையும் வெளியே விடாது. வீரியமான கட்டி தனக்கென்று அவசர அவசரமாகக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை ஓட்டைக் குழாய்கள். அது போதாது என்று, குழாயை ஒழுகவைக்கும் ஒரு புரதத்தையும் கட்டி சுரக்கிறது. 1983இல் பாஸ்டனில் டுவொராக் குழு இதைக் கண்டபோது வைத்த பெயரே 'குழாயை ஒழுகவைக்கும் காரணி' என்ற பொருளில்தான். பின்னால்தான் குழாயை வளர்க்கும் வேலையும் இதனுடையதே என்று தெரிந்து, வி.இ.ஜி.எஃப். என்ற பெயர் நிலைத்தது. ஒழுகிய நீர் மூளையின் வெள்ளைப் பகுதியில், நரம்பு இழைகளின் ஊடே பரவும். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைச் சுற்றி விரல் விரலாக வெள்ளையாகத் தெரிவது அதுதான். கட்டி எலுமிச்சை அளவு இருக்கும், வீக்கம் மாம்பழ அளவு இருக்கும். மண்டையோடு விரியாது. அப்பாவின் கை விழுந்தது கட்டி கையைத் தொட்டதால் அல்ல, கைக்கான இடம் ஊறிப் போனதால். அதனால்தான் டெக்சா ஊசி போட்ட இரண்டு நாளில் டம்ளரைப் பிடித்தார். அத்தையிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: கரைந்தது கட்டி இல்லை, ஊறல் வடிந்தது.

கிளியோபிளாஸ்டோமாவில் கண்ணுக்குத் தெரிவதை எடுத்தாலும் செல்கள் சுற்றிலும் வேர் விட்டிருக்கும். அவை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும். ஆபரேஷனும் தன் பங்குக்குக் கொஞ்சம் வீக்கம் தரும், ரேடியேஷனும் தரும்.

இந்த மருந்தின் கதை சுவையானது. 1950களில் மூளைக் கட்டி ஆபரேஷன் என்றால் பாதிப் பயம் வீக்கத்தைப் பற்றித்தான். 1961இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கலிச்சும் பிரெஞ்சும் டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். முதலில் 10 மி.கி., பிறகு ஆறு மணிக்கு ஒருமுறை 4. அறுபது வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க வார்டுகளில் கை தானாக எழுதுவது இந்த 16 மி.கி. கணக்கைத்தான். எல்லோருக்கும் அவ்வளவு வேண்டியதில்லை. 1994இல் நெதர்லாந்தில், வேறு உறுப்பின் புற்று மூளைக்குப் பரவியவர்களில் 4, 8, 16 என்று கொடுத்து ஒப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் கிடைத்த பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, பக்கவிளைவு மட்டும் 16இல் கூடுதல். ஆனால் நினைவு தடுமாறுகிறவர்களுக்கு, உங்கள் அப்பாவின் நேற்றைய நிலையில் இருப்பவர்களுக்கு, கூடுதல் அளவுதான் சரி.

மேனிட்டால் வேறு வேலை செய்கிறது. அது ரத்தத்தை அடர்த்தியாக்கி மூளையிலிருந்து நீரை இழுக்கிறது. சில நிமிஷத்தில் வேலை தொடங்கும், சில மணி நேரத்தில் தீரும். நாள் கணக்காகக் கொடுத்தால் ஓட்டைக் குழாய் வழியே அதுவே மூளைக்குள் கசிந்து நீரைத் திருப்பி இழுக்கலாம். டெக்சா வேலையைக் கையில் எடுக்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான் அது.

ஆயுளுக்கும் வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆசை. எவ்வளவு குறைவில் அப்பா நன்றாக இருக்கிறாரோ அதுதான் அவருக்கான அளவு. அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூலிகைப்பித்தன் – இரவு 10:05

ஸ்டீராய்டு விஷம். முகம் ஊதி, எலும்பு அரித்து, சர்க்கரை ஏறிச் சாவார்கள். பறங்கிச் சாம்பிராணிப் பிசினில் செய்த சல்லகி மாத்திரை மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று ஜெர்மானியர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நம்மவர்கள்தான் நம்புவதில்லை. டெக்சாவை நிறுத்திவிட்டு இதைக் கொடுங்கள்.

செம்பருத்தி – 10:12

ஐயா, முதல் வரியில் இருப்பதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. கடைசி வரி ஆளைக் கொல்லும். அவர் அப்பாவுக்கு மருந்து குறைந்து என்ன ஆனது என்று மேலே படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா?

கத்திக்காரன் – 10:40

ஜெர்மன் ஆய்வு உண்மை. 2011இல் வந்தது, ஃபிரைபர்க்கில் செய்தார்கள். ரேடியேஷன் எடுக்கும் 44 பேரில் பாதிப் பேருக்கு நாளைக்கு 4200 மி.கி. சல்லகிச் சாறு, மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத போலி மாத்திரை. வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தவர்கள் சல்லகி பக்கம் 60 சதவீதம், போலி பக்கம் 26. நல்ல சேதிதான், நானும் ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். ஆனால் அதில் யாரையும் டெக்சாவை நிறுத்தச் சொல்லவில்லை. இரு பக்கமும் தேவைப்பட்ட டெக்சா அளவிலும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அந்த 4200ஐக் கடையில் விற்கும் சல்லகி மாத்திரையில் எட்ட எத்தனை விழுங்க வேண்டும் என்று அட்டையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். கூடச் சேர்த்துக் கொடுக்க விரும்பினால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மறைத்து வேண்டாம்.

மூலிகைப்பித்தன் – 10:58

நிறுத்தச் சொன்னது தவறுதான். சேர்த்து என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷம் என்பதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

கத்திக்காரன் – 11:06

அதில் உங்களோடு பாதி வழி வருகிறேன். எலிகளிலும் மூன்று நோயாளிக் குழுக்களிலும் பார்த்து 2016இல் வந்த ஒரு கட்டுரை, கிளியோபிளாஸ்டோமாவில் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது என்கிறது. நோய் முற்றியவர்களுக்குத்தான் கூடுதல் ஸ்டீராய்டு போகும் என்பதால் எது காரணம் என்று பிரிப்பது கடினம். ஆனாலும் தேவையில்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று சொல்ல அது போதும்.

இன்னொரு விதிவிலக்கு, இது புதிதாகக் கட்டி தெரிந்தவர்களுக்கு. படத்தில் மூளை லிம்ஃபோமா (வெள்ளணுக்களில் வரும் புற்று) என்று சந்தேகம் வந்தால், உயிருக்கு அவசரம் இல்லாதவரை பயாப்ஸிக்கு முன் டெக்சா கொடுக்காமல் பார்ப்போம். அந்தக் கட்டியை மட்டும் ஸ்டீராய்டு நிஜமாகவே சுருக்கிவிடும், ஊசியில் எடுக்கச் சதை இருக்காது. சில வாரத்தில் திரும்பி வரும். தலைவலிக்கு என்று பக்கத்துக் கிளினிக்கில் டெக்சா ஊசி போட்டுக்கொண்டு வந்து, என்ன நோய் என்றே சொல்ல முடியாமல் நாங்கள் விழித்ததுண்டு.

ஸ்காபரோ_தம்பி – சனி, காலை 6:20

அக்கா, அப்பா கண் திறந்தது சந்தோஷம். எங்கட மாமாவுக்கும் இதே வருத்தம். ரேடியேஷன் முடிந்து எட்டாம் மாதம் வீக்கம் கூடி, டெக்சாவை 4க்குக் கீழே இறக்கவே முடியவில்லை. இறக்கினால் கதை குழறும். பிறகுதான் அது கட்டி இல்லை, ரேடியேஷனால் செத்த சதை, அதைச் சுற்றித்தான் ஊறல் என்று சொன்னார்கள். பெவாசிசுமாப் ஏற்றினார்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. மூன்றாவது முறைக்குள் டெக்சா நின்றுவிட்டது. மாமா திரும்பவும் ஒழுங்காகக் கதைத்தார், எங்களோடு சண்டையும் பிடித்தார். உங்கள் டாக்டரிடம் கதைத்துப் பாருங்கள்.

கத்திக்காரன் – 9:00

அந்த ஒழுகவைக்கும் புரதத்தையே பிடித்துக் கட்டிப்போடும் மருந்து அது. ரேடியேஷன் காயத்துக்கு 2011இல் 14 பேரை மட்டும் வைத்து ஒரு ஆய்வு நடந்தது. மருந்து போனவர்களுக்கு வீக்கம் வடிந்தது, போலி மருந்து போனவர்களுக்கு வடியவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடித்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு முதலிலிருந்தே கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில், 2014இல் முடிவு வந்தது, ஆயுள் கூடவில்லை. படம் அழகாகிவிடும், கட்டி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரத்தம் கசியலாம், காயம் ஆறாது. ஆபரேஷன் முடிந்து நான்கு வாரமாவது போகாமல் தொடமாட்டோம். குற்றாலச்சாரல், உங்களுக்கு இப்போது இது தேவைப்படாது. பின்னால் டெக்சாவிலிருந்து இறங்க முடியாமல் போனால் நினைவில் வையுங்கள். இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு விலையும் முன்பு போல மிரட்டுவதில்லை.

குற்றாலச்சாரல் – செவ்வாய், இரவு 8:15

நாளை டிஸ்சார்ஜ். 4 மி.கி. மூன்று வேளை, நான்கு நாளைக்கு ஒருமுறை குறைக்கும் அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை 4 மி.கி. அட்டை, நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், செம்பருத்தி அக்கா?

செம்பருத்தி – 9:50

எழுதினால் ராமாயணம், என்னைச் சுட்டதை மட்டும் சொல்கிறேன்.

சர்க்கரை. நான் தினமும் காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்து 110, 105 என்று நோட்டில் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அவர் இரவில் ஐந்து முறை எழுந்து போவார், நாக்கு வறண்டு கிடக்கும். ஒருநாள் என் தம்பி விளையாட்டாக மதியச் சாப்பாடு முடிந்து குத்திப் பார்த்தால் 340. இந்த மருந்துக்குச் சர்க்கரை மதியத்திலும் சாயங்காலத்திலும்தான் ஏறும். காலை எண் ஏமாற்றும்.

தூக்கம். கடைசி வேளையை இரவு ஒன்பதுக்குக் கொடுத்தால் விடிய விடிய கொட்டக் கொட்ட விழித்திருப்பார். காலை, மதியம் என்று முன்னால் இழுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கோபம். வாழ்க்கையில் என்னை ஒருமையில் பேசாத மனுஷன் சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டை வீசினார். அன்று முழுக்க அழுதேன். மாத்திரை 8இலிருந்து 4க்கு இறங்கிய வாரம் அவரே, "அன்னைக்கு எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அப்பா கத்தினால் அது பாதி அப்பா இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடை. கை பிடிப்பெல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் தரையிலிருந்து எழ முடியாது, மாடிப்படி ஏற முடியாது. கட்டியால் கால் போகிறது என்று பதறினோம். இரண்டு தொடையும் ஒரே மாதிரி சோர்ந்ததால் இது மருந்தின் வேலை என்று பிசியோதெரபிஸ்ட்தான் சொன்னார். நம் வீட்டுக் கழிவறையில் குந்தி உட்கார்ந்தால் எழ முடியாமல் போகும். மேலே வைக்கும் நாற்காலி ஒன்று முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

வாய்க்குள் தயிர் ஒட்டியது போல வெள்ளை படிந்தால் அது பூஞ்சை, சொட்டு மருந்தில் போய்விடும். விக்கலும் வரும். எங்கள் வீட்டில் மூன்று நாள் விக்கினார், யாரோ நினைக்கிறார்கள் என்று மாமியார் ஊரில் உள்ள எல்லோர் பேரையும் சொல்லிப் பார்த்தார்.

கத்திக்காரன் – 10:30

அக்கா எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. மூன்றைச் சேர்க்கிறேன்.

ரேடியேஷனோடு டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை தொடங்கும்போது, டெக்சாவும் போய்க்கொண்டிருந்தால், நுரையீரலில் ஒரு வகை நிமோனியா வராமல் கோ-டிரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அதில் சல்ஃபா இருக்கிறது, சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பா வெறுங்காலோடு வயலில் நின்றவரா? மண்ணிலிருந்து தோல் வழியே ஏறும் ஒரு நூல்புழு குடலில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு போனால் உடம்பு முழுக்கப் பரவி ஆளையே சாய்த்துவிடும். நம் ஊர்ப்பக்கம் இதைக் கேட்பது வீண் சந்தேகம் அல்ல. பழைய காசநோய் இருந்திருந்தாலும் சொல்லுங்கள்.

குறைக்கும்போது இரண்டு விதமாகத் தடுமாறலாம். தலைவலி, கை பலவீனம் திரும்பினால் வீக்கம். அது இல்லாமல் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி அசதி, குமட்டல், எழுந்து நின்றால் மயக்கம் என்றால் வேறு. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிப் போயிருக்கும், எழுந்திருக்க நேரம் வேண்டும். இரண்டுக்கும் போன் செய்ய வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றாலும் அப்படித்தான், ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.

குற்றாலச்சாரல் – நான்கு வாரம் கழித்து, ஞாயிறு காலை 11:00

ரேடியேஷன் 13 நாள் முடிந்தது. டெக்சா இப்போது காலையில் 4 மட்டும். நடுவில் 2க்கு இறக்கியபோது கை கொஞ்சம் கனத்தது, டாக்டர் மறுபடி 4 ஆக்கினார். புழுவுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டார்கள், அப்பா சின்ன வயதில் நாற்று நட்டவர். மதியச் சர்க்கரை 260 வந்து இப்போது 180. பசிதான் தாங்க முடியவில்லை, நேற்று ராத்திரி பதினொன்றுக்குப் பரோட்டா கேட்டு எழுப்பினார். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை செருப்பு என்று திட்டிக்கொண்டே போட்டுக்கொள்கிறார்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போய்ச் சீட்டையும் பழைய அட்டையையும் மேஜையில் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மணி அண்ணா, அடுத்த குறைப்பு 3 மி.கி. என்கிறார்கள். 4 மி.கி. மாத்திரையை முக்காலாக உடைக்க முடியுமா?

மாத்திரைமணி – 11:20

உடைக்காதீர்கள், சரியாக வராது. இந்தத் தடவை 0.5 தான் வாங்க வேண்டும். ஆறு மாத்திரை. எண்ணிக்கையை டாக்டரையே சீட்டில் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். காலையில் சாப்பிட்ட பிறகு, ஆறையும் ஒன்றாக.